முன்சக்கரத்தின் முனகல்



பால்வெட்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் நான்கு சக்கர உந்து வண்டியின் முன்சக்கரத்தில் முனகல் ஒலி கேட்டால், அது வண்டியோட்டியின் கவலை மட்டுமன்று. ஏறி அமர்ந்திருக்கும் அனைவரின் கவலையுமாகும். சக்கரக் குடத்தினுள் இருக்கும் பேரிங் தேய்ந்தால் முதலில் ஒலி எழும். பின்னர் ஸ்டீயரிங் நடுங்கும். அதற்கு மேலும் பொறுத்திருந்தால் சக்கரம் இறுகிவிடலாம், கழன்றும் போகலாம்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரும்புத் தாங்கியின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புதல் கூடாது. டயரின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பற்றி அசைத்தால் ஆட்டம் புலப்படும். ஆயினும், ஆட்டம் யாவும் பேரிங்கின் குற்றமன்று. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் மறைந்தால் குற்றம் பேரிங்கினுடையது. மறையாவிடில் கிங்பின்னைச் சோதிக்க வேண்டும்.

பழைய லேண்ட் ரோவர் வண்டிகளின் முன்குடம் ஒவ்வொன்றிலும் உள்ளொன்றும் புறமொன்றுமாக இரு கூம்புருளைப் பேரிங்குகள் உள்ளன. சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றும்போது அங்குள்ள தூசியை ஊதலாகாது. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். பின்னர் குடத்தின் முகப்பைக் கழற்றி, பூட்டு வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, இரு நட்டுகளையும் அவிழ்த்தால் குடம் வெளிவரும். நட்டை உளியால் தட்டித் திருப்புவது பட்டறைகளில் நாம் அடிக்கடி காணும் வழக்கம். 52 மில்லிமீட்டர் குழாய்ச் சாவி ஒன்றை வாங்கி வைப்பதே மேல்.

ஒரு தோட்டத்தில் புதிய பேரிங்கைப் பொருத்திச் சில வாரங்களிலேயே முனகல் திரும்பிவிட்டதாக நம்மிடம் முறையிட்டனர். விசாரித்தபோது, குடத்தில் இறுகியிருந்த பழைய வெளிவளையத்தை எடுக்காமல் விட்டிருந்தது தெரிந்தது. தேய்ந்த வளையத்தில் புதிய உருளைகள் எவ்வாறு நிலைக்கும்? வளையத்தைப் பித்தளைத் துண்டால் இருபுறமும் மாறிமாறித் தட்டி வெளியேற்றி, பேரிங்குடன் வந்த புதிய வளையத்தையே பொருத்த வேண்டும். எண்ணெய்த் தடுப்பு வளையமும் புதிதாகவே இருக்கட்டும். ஓடை கடக்கும் வண்டியில் அவ்வழியேதான் நீரும் சேறும் நுழைகின்றன.

கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடைவெளிகளில் மறுபுறம் பிதுங்கும்வரை அழுத்தி நிரப்ப வேண்டும். பின்னர் குடத்தைச் சுழற்றிக்கொண்டே உள்நட்டை இறுக்கி, சிறிது தளர்த்துக. 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை அசைவு இருத்தல் வேண்டும். பூட்டு வாஷரையும் வெளிநட்டையும் பொருத்தியபின் அவ்வசைவை மறுபடி அளந்து, மடிப்பை வளைத்துவிடுக.

ஒலியைக் கேட்டும், நிர்வாகம் கடிந்துகொள்ளுமோ என அஞ்சி வாய்மூடி இருப்போர் உளர். பாதுகாப்பற்றது என ஒரு தொழிலாளர் முறையிட்டார் என்பதற்காகவே அவரை வேலையிலிருந்து நீக்குவதை, 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே மண்டோரிடமோ கிராணியிடமோ அன்றே தெரிவியுங்கள்.

பழுது பார்த்த வண்டி சிறிது தூரம் ஓடியதும் இரு முன்குடங்களையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால், பிரேக் உரசுகிறதா எனப் பார்த்து, இல்லையெனில் நட்டின் இறுக்கத்தை மீண்டும் சரிசெய்த பின்னரே ஆட்களை ஏற்ற வேண்டும்.