ஒப்புக்கொடுத்தலா, ஒப்புக்குக் கொடுத்தலா?

(‘இறைவனிடம் தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்த கிறிஸ்தவர் பெறுவது ஓய்வா? பொறுப்பா?’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘பொறுப்பே’ என்ற அணியில் பேராசிரியர் ஆற்றிய உரை.)

எதிரணியில் தலைப்புக்கு ஏற்றாற்போல் ஓய்வாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) பொட்டிபுரத்திலிருந்தும், போடியிலிருந்தும், ஏலமலை அடிவாரத்து ஊர்களிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே!

பொட்டிபுரம்னு சொன்னா வெளியூர்க்காரருக்கு நியூட்ரினோதான் ஞாபகத்துக்கு வருது. 2015-இல் மத்திய அமைச்சரவை அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒப்புதல் கொடுத்தப்ப டெல்லிக்காரர் வாயில்கூட இந்த ஊர்ப் பெயர் நுழைஞ்சது. எனக்கு அது இல்லைங்க. எனக்கு ஞாபகம் வர்றது விடியக்காலை ஜீப்பு. கையில தூக்குச்சட்டியோட போடிமெட்டு ஏறிப் போற நம்ம பெண்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு! அந்த ஜீப்பை வைத்துத்தான் எதிரணித் தம்பி என்னை மடக்கப் பார்த்தார்.

என்ன சொன்னார்? “ஜீப்பில் ஏறிய பிறகும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் முட்டாள். மூட்டையையும் சேர்த்து ஜீப்புதானே சுமக்கிறது? அதுபோல் இறைவனிடம் தன்னைக் கொடுத்தவன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்” என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். அது ரயிலை வைத்துச் சொல்லும் பழைய கதை. தம்பி ஊருக்கு ஏற்ற மாதிரி ஜீப்பாக்கிவிட்டார்.

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். மூட்டையை இறக்கி வச்சாச்சு. கண்ணை மூடியாச்சு. ஜீப்பு பூப்பாறை போய் நின்னுடுச்சு. அப்புறம்? இறங்கிக் காய் எடுக்க வேண்டாமா? (பலத்த கைதட்டல்) “நான் முழுசா ஜீப்புக்கு என்னை ஒப்புக்கொடுத்துட்டேன், இறங்க மாட்டேன்”னு சொன்னா, கங்காணி விடுவாரா? சாயங்காலம் கூலி வருமா? ஜீப்பு ஏறுவது உட்கார்ந்திருப்பதற்கு அல்ல ஐயா, போய்ச் சேருவதற்கு!

நான் தமிழ் வாத்தியார். திருவாசகமும் நடத்துவேன், தேம்பாவணியும் நடத்துவேன். எனக்குச் சொல்தான் முதலாளி. கிறிஸ்தவர்கள் ஓர் அழகான சொல்லைப் புழங்குகிறார்கள்: ஒப்புக்கொடுத்தல். ஒப்பி, மனமுவந்து, கொடுத்தல். பிடுங்கினால் அது ஒப்புக்கொடுத்தல் ஆகாது. ஆனால் நம்ம தமிழ் பொல்லாத தமிழ். இடையில் ஒரு ‘கு’வைச் செருகிப் பாருங்கள். ஒப்புக்குக் கொடுத்தல்! பொருள் தலைகீழாகப் போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் ஒருத்தனைச் சேர்த்துக்கொள்வார்களே, ஒப்புக்குச் சப்பாணி என்று. ஆட்டத்தில் இருப்பான், அவன் எடுத்த புள்ளி கணக்கில் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கையை உயர்த்தி ‘முழுவதும் தந்தேன்’ என்று பாடிவிட்டு, திங்கட்கிழமை எடைத் தராசில் கட்டைவிரலை வைக்கிறவன் இருக்கிறானே, அவன் கொடுத்தது எது? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணிச் சகோதரி அருமையாகப் பேசினார்கள். வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை இயேசு அழைத்து, இளைப்பாறுதல் தருகிறேன் என்று சொன்னதை எடுத்துக்காட்டினார்கள். சரியான மேற்கோள். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மூச்சில் அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? என் நுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஓய்வு கொடுக்கக் கூப்பிட்டவர் மெத்தையைக் காட்டவில்லை, நுகத்தடியைக் காட்டுகிறார்! இங்கே சம்சாரிகள் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா? உழவு நுகத்தடிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் நான் கழுத்தைக் கொடுத்தால் மறுபக்கம் யார் இழுக்கிறார்கள் என்பதுதான் அங்கே ஆறுதல். உழவே இல்லை என்பதல்ல. ஓய்வே கிடையாது என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில் கிடைக்கிற ஓய்வு அது.

கெத்செமனே தோட்டத்துக்கு வாருங்கள். ஒப்புக்கொடுத்தலுக்கு இதைவிடப் பெரிய காட்சி கிறிஸ்தவத்தில் இல்லை. மறுநாள் சிலுவை. இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்காதா என்று இயேசுவே கேட்கிறார். ஒரு முறை அல்ல, மூன்று முறை போய் அதையே வேண்டுகிறார். பிறகுதான் தன் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்குக் கீழே வைக்கிறார். வைத்ததும் என்ன செய்தார்? எழுந்தார். தன்னைப் பிடிக்க வருகிற கூட்டத்துக்கு எதிரே நடந்தார். நடுவர் அவர்களே, அன்றிரவு அந்தத் தோட்டத்தில் ஓய்வெடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. சீடர்கள்! மூன்று முறையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரணி யார் கட்சி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். (நீண்ட கைதட்டல்)

“பேசாமல் பணிவதே சரணாகதி” என்றார் இன்னொரு நண்பர். பேசாதவர் ஒருவரை நான் காட்டுகிறேன். சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கையும் புரட்டிப் பாருங்கள், அவர் வாயிலிருந்து ஒரு சொல் பதிவாகவில்லை. ஆனால் கனவில் கட்டளை வருகிறது, எழுந்து போகிறார். ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். வாய் பேசவில்லை, கால் பேசியது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி பாடியபோது, பேசாத அந்தத் தச்சரைத்தான் காப்பியத் தலைவராக எடுத்துக்கொண்டார். 3,615 பாட்டு! ஒன்றும் பேசாதவருக்கு அவ்வளவு பாட்டென்றால், எங்களைப் போல் பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு எத்தனை பாட்டு? (சிரிப்பு)

நம்ம மண்ணுக்கு வருகிறேன். கன்னியாகுமரிச் சீமையில் நட்டாலம் என்று ஓர் ஊர். அங்கே 1712-இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் இருந்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம். மனம் ஒடிந்து போனார். 1741-இல் குளச்சல் போரில் தோற்று, பிறகு அரசரிடமே படைப்பணி பார்த்த டச்சுக்காரர் டிலனாய், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபு யார்? சொத்து போய், பிள்ளைகள் போய், உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தவர். அவர் பேசாமல் இருந்தாரா? இல்லை ஐயா, கடவுளிடமே வழக்குப் பேசினார்! ஏன், ஏன் என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து “எல்லாம் உன் பாவம், வாயை மூடு” என்று உபதேசம் செய்த நண்பர்களைத்தான் கடவுள் கடைசியில் கண்டிக்கிறார். யோபு பேசினதே சரி என்கிறார். தன்னைக் கொடுத்தவனுக்குத்தான் கேள்வி கேட்கிற உரிமை.

அந்தக் கதை கேட்ட நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார், அது பலர் கண்ணை உறுத்தியது. 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், அடித்தார்கள். மூன்று வருஷம்! திருச்சபை சொல்லும் வரலாறு இது. அந்த மூன்று வருஷத்தில் எந்த நாளிலும் அவருக்கு ஓய்வு கிடைத்திருக்கும். ஒரே ஒரு தலையசைப்பு போதும். வீடு, பதவி எல்லாம் திரும்பியிருக்கும். அவர் தலையை அசைக்கவில்லை. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். துறவியோ குருவோ அல்ல, பெண்டாட்டியோடு குடும்பம் நடத்திய மனிதர்.

இங்கேதான் நடுவர் அவர்களே, நான் கொஞ்சம் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு பேச வேண்டும். அரண்மனையில் கைகட்டி நின்ற மனிதர், கடவுளுக்குப் பணிந்த பிறகு அரசருக்குப் பணியவில்லை. நம்ம அப்பரும் பல்லவ மன்னன் அழைத்தபோது போக மறுத்தவர்தானே? மேலே ஒருத்தருக்குத் தலை வணங்கியவன் கீழே கண்டவருக்கெல்லாம் வணங்குவதில்லை. ஆனால் நம்ம ஊரில் என்ன நடக்கிறது? ‘கடவுளுக்குக் கீழ்ப்படி’ என்று ஆரம்பிக்கிறவர் மூன்றாவது வாக்கியத்தில் ‘ஆகையால் எனக்குக் கீழ்ப்படி’ என்று முடிக்கிறார்.

ஒரு கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா என்னிடம் வந்து கேட்டார்கள். “சார், புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துல இருக்குங்கிறாங்க. குடிச்சுட்டு வந்து அடிக்கிறவருக்குமா சார்?” அந்த அம்மா கழுத்தில் சிலுவை இருந்தது. கையில் கட்டும் இருந்தது.

நான் சொன்னேன்: தாயி, பவுல் எபேசு சபைக்கு எழுதின கடிதத்தை முழுசாப் படிக்கச் சொல்லுங்க. மனைவிக்குச் சொல்றதுக்கு முன்னாடியே ஒருத்தருக்கொருத்தர் பணியச் சொல்றார். மனைவிக்குச் சொன்னதைவிட நீளமாகப் புருஷனுக்குச் சொல்றார்: கிறிஸ்து தன் உயிரைக் கொடுத்த மாதிரி நீ அன்பு வை என்று. அடிக்கிறவர் அந்தக் கடிதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அடி வாங்குவது ஒப்புக்கொடுத்தல் இல்லை. இரவு வாசலில் நிற்காமல் உங்க அண்ணன் வீட்டுக்குப் போங்க, போலீஸுக்குப் போங்க. அதற்கும் கடவுள் துணை உண்டு. (கைதட்டல்)

இன்னொன்று. ஏற்றக்கூடாத அளவுக்கு ஆள் ஏற்றின ஜீப்பு வளைவில் கவிழ்ந்தால், உடனே நம்ம வாயில் வருவது என்ன? ‘ஆண்டவர் சித்தம்’. ஐயா, பிரேக் பார்க்காதது டிரைவர் சித்தம்! ஆளைத் திணித்தது காசு வாங்கினவர் சித்தம்! இதையெல்லாம் தூக்கி ஆண்டவர் தலையில் போடுவதற்குப் பெயர் சரணாகதி இல்லை.

திண்டிவனத்தில் 1890-இல் ஒரு பெண்ணுக்கு இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வாய்ப்பு இருந்தது. ஐடா ஸ்கடர். டாக்டர் வீட்டுப் பிள்ளை. இந்தியாவும் வேண்டாம், மிஷனும் வேண்டாம், அமெரிக்காவில் நிம்மதியாக இருப்போம் என்று நினைத்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்த இடத்தில், ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், வேறொரு சாதி இந்து. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர் இருக்கிறாரே என்றால், ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தது, மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

‘ஆண்டவர் சித்தம்’ என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம் அல்லவா? கப்பல் ஏறினார், படிக்க! 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-இல் திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைக்கு நாடு முழுக்க ஆள் வந்து படுக்கிற வேலூர் சி.எம்.சி. அங்கிருந்து வளர்ந்தது. 1960-இல் நம்ம கொடைக்கானலில் காலமானார். அந்த ஒரு ராத்திரி அவர் கடவுளுக்குத் தன்னைக் கொடுத்தாரே, அதற்குப் பிறகு ஓய்வு எங்கே கிடைத்தது?

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவை எதிரணி சொந்தம் கொண்டாடியது. 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951 வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தாரே, அது ஓய்வல்லவா என்று. படுத்தது உடம்பு. அந்த அறையிலிருந்து புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றவருக்குப் பிள்ளைகள் ஒரு பறவைத் தொட்டி வைத்து ‘அம்மா’ என்று எழுதினார்கள். ஓய்வெடுத்தவருக்கா அந்தப் பட்டம்?

நடுவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும், நான் அவருக்கும் கீழ்ப்படிகிறவன். (சிரிப்பு) ஒரே ஒரு விஷயம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். ஆனால் காய் உச்சியில் இல்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படர்ந்த சரத்தில் இருக்கிறது. குனிந்தால்தான் எடுக்க முடியும். காலையில் இருந்து சாயங்காலம் வரை குனிகிற நம்ம பெண்கள் யாருக்கும் அடிமையாகக் குனியவில்லை, காய்க்காகக் குனிகிறார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகக் குனிகிறார்கள். நடுவர் தீர்ப்பு எழுதும்போது அந்தக் குனிவையும் ஒரு தரம் நினைத்துப் பார்க்கட்டும். ஓய்வைப் பற்றி அடுத்துப் பேச வருகிற சகோதரர் கொஞ்சம் சுருக்கமாகப் பேசினால் நல்லது. முன் வரிசையில் இருப்பவர்களுக்கு விடிந்தால் ஜீப்பு.