கடைக்கார மாமாவும் அம்மாவின் சனிக்கிழமைகளும்

(மொன்றியலில் எங்கள் உறுப்பினர் சந்திப்பில் பேசியது. வரச் சந்தர்ப்பம் கிடைக்காதவர்களுக்காக, பேசிய மாதிரியே, சின்னத் திருத்தங்களுடன்.)

நாங்கள் கூடியிருக்கிற இந்த நிலம் கானியென்கெஹாகா மக்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத நிலம் என்பதைச் சொல்லித் தொடங்குகிறேன். இன்னொன்றும் சொல்லவேணும். என்னுடைய தமிழ் வீட்டுத் தமிழ். பொருளாதாரம் படித்தது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். எங்கேயாவது சொல் தடக்கினால் எடுத்துக் குடுங்கோ.

எங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஐந்தாவது வரி உங்களுக்குத் தெரியும்: ஆண்டுக்கு 250,000 டொலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் வரியைக் கூட்டவேண்டும். போன கூட்டத்தில் மூன்று பேர் அதை எடுத்துவிடலாம் என்றார்கள். பார்க்-எக்ஸ்டென்ஷனில் நாங்கள் துண்டுப்பிரசுரம் வைக்கிற கடைகள், மண்டபம் தருகிற ஆட்கள் எல்லாரும் தொழில் செய்பவர்கள், அவர்கள் பயப்படுவார்கள் என்பதுதான் காரணம். அது சும்மா தள்ளிவிடக்கூடிய காரணம் இல்லை. அதனால்தான் இன்றைக்குப் பேசக் கேட்டேன்.

எனக்குத் தெரிந்த கடைக்கார மாமா ஒருவர் இருக்கிறார். பலசரக்குக் கடை. சின்னனில் எனக்கு மாங்காய் ரொஃபி தந்தவர். ஐந்தாவது வரியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூட உழைச்சால் கூடப் பிடுங்குவாங்கள் எண்டால் ஏன் பிள்ளை மனுசன் உழைப்பான்? இந்த ராக்ஸாலதான் நான் ரெண்டாவது கடை திறக்கேல்லை."

நான் கேட்டேன், மாமா, நல்ல வருஷத்தில் உங்கட கைக்கு எவ்வளவு வரும்? அறுபதாயிரம், அறுபத்தையாயிரம். அப்ப இந்த வரி உங்களைத் தொடவே தொடாதே? கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டாவது கடை கதைக்கு வந்தோம். பார்த்து வைத்த இடத்துக்கு வாடகை இரண்டு மடங்காகிவிட்டது. வங்கி கடன் தரவில்லை. கல்லாவில் நம்பி இருத்த ஆள் இல்லை. "ஓம், அதுகும்தான். ஆனாலும் ராக்ஸும்தான்." அதற்குப் பிறகு தேத்தண்ணி வந்துவிட்டது, கதை மாறிவிட்டது.

அந்த "ஆனாலும்" எங்கே இருந்து வந்தது? எங்கள் ஊரிலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. 2012.

அந்த வசந்தத்தை உங்களில் மூத்தவர்கள் வீதியில் கண்டிருப்பீர்கள். நான் அப்ப ஆறாம் வகுப்பு. மாணவர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக எங்கள் பல்கனியில் அக்காவும் நானும் கறிச்சட்டி தட்டினோம். சட்டி நெளிந்ததற்கு அம்மா பேசினது இன்னும் நினைவிருக்கு. அந்த செப்டெம்பர் 4 தேர்தலில் போலின் மரோவாவின் பார்ட்டி கெபெக்குவா சிறுபான்மை அரசாக வந்தது. அவர்களுடைய வாக்குறுதிகளில் ஒன்று, சுகாதாரப் பங்களிப்பு என்ற பெயரில் லிபரல்கள் கொண்டுவந்த வரியை ஒழிப்பது. அது என்ன வரி? மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்கள் தவிர, ஆளுக்கு 200 டொலர். இருபதாயிரம் உழைக்கிற துப்புரவுத் தொழிலாளிக்கும் 200, பத்து லட்சம் எடுக்கிற முதலாளிக்கும் 200. முன்னவருக்கு அது வருமானத்தில் 1 வீதம். பின்னவருக்கு 0.02 வீதம்.

அதை ஒழித்தால் வருகிற ஓட்டையை மேலே இருப்பவர்களிடம் எடுத்து அடைப்பது திட்டம். கியூபெக்கின் உச்ச வரிவீதம் அப்போது 24. அதற்கு மேல் இரண்டு புதுப் படிகள்: 130,000 டொலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 28 வீதம், 250,000க்கு மேற்பட்டதுக்கு 31 வீதம். மூலதன ஆதாயத்துக்கும் பங்கிலாபத்துக்கும் கூட்டு வரி. 2012 முழுவதுக்கும் முன்தேதியிட்டு.

வர்த்தக உலகம் கொதித்தது. முதலீடு ஓடிவிடும், மூளைசாலிகள் ரொறன்ரோவுக்குப் போய்விடுவார்கள், யாரும் கூட உழைக்கமாட்டார்கள். சில வாரங்களிலேயே நிதியமைச்சர் நிக்கோலா மார்சோ பின்வாங்கினார். கடைசியில் வந்தது ஒரே ஒரு படி: 2013 முதல், 100,000க்கு மேல் 25.75 வீதம். 200 டொலர் வரி ஒழியவில்லை, வருமானத்துக்கேற்ப மாற்றப்பட்டதோடு சரி.

முன்தேதியிட்டது பிழை என்பது என் கருத்து. விதியைச் சொல்லிவிட்டுத்தான் விளையாட்டைத் தொடங்கவேணும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. ஜனவரியில் இருந்து செப்டெம்பர் வரை உழைத்து முடித்த உழைப்பை எந்த வரியாலும் ஊக்கமிழக்கச் செய்ய ஏலாது, அது நடந்து முடிந்துவிட்டது! அப்படியிருந்தும் எழுந்த கூச்சலில் பெரிய பங்கு ஊக்கத்தைப் பற்றியதுதான்.

கடைசியில் வந்த அந்த 25.75ஐக் கணக்குப் பண்ணிப் பாருங்கோ. 110,000 டொலர் உழைப்பவருக்குக் கூடுதல் வரி, அந்த மேல் பத்தாயிரத்துக்கு மட்டும் 1.75 வீதம். 175 டொலர். வருஷத்துக்கு. படி ஏறினால் முழுச் சம்பளத்துக்கும் கூட்டி வெட்டுவார்கள் என்று எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நம்புகிறார்கள். கதவு தட்டப் போகும்போது இதை முதலில் விளங்கப்படுத்துங்கோ.

2016 இல் ஜஸ்டின் ட்ரூடோ அரசு 200,000க்கு மேல் 33 வீதம் என்று ஒரு கூட்டாட்சிப் படி சேர்த்தது. இரண்டையும் சேர்த்தால் கியூபெக்கில் உச்ச வீதம் 53.31. வீழ்ச்சி வந்ததா? அதே 2016 இலும் 2017 இலும் கூகிள், ஃபேஸ்புக், மைக்ரோசொஃப்ட் மூன்றும் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடங்களை இங்கே மொன்றியலில் வளர்த்தன. வரி கூடினதால் வந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் என் பேராசிரியர் என்னை வெளியே விடுவார். யோஷுவா பெஞ்சியோவும் அவருடைய மாணவர்களும் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் வந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் ஓடுவது வரிக்காசில். அரசு பக்கத்தில் சலுகையும் கொடுக்கிறது. வீடியோ கேம் கம்பனிகளின் சம்பளச் செலவில் 37.5 வீதம் வரை பல வருடம் வரிக்கழிவாகத் திரும்பிப் போனது. வாங்குகிற கையை மட்டும் பேசுபவர்கள் கொடுக்கிற கையைப் பேசுவதில்லை.

அப்ப பணக்காரர் வரிக்கு அசைவதே இல்லையா? அசைகிறார்கள். இதில் இடதுசாரிகள் நாங்கள் பூசி மெழுகக்கூடாது. ஆனால் எப்படி அசைகிறார்கள் என்பதுதான் கேள்வி. 33 வீதப் படி வருகுது என்று தெரிந்ததும் பலர் பங்கிலாபத்தை 2015 முடிவதற்குள் எடுத்துக்கொண்டார்கள். புள்ளிவிபரத்தில் 2015 இல் ஒரு மேடு, 2016 இல் ஒரு பள்ளம். யாரும் குறைய வேலை செய்யவில்லை. திகதியை மாற்றினார்கள், அவ்வளவுதான். கியூபெக் மருத்துவர்களுக்கு 2007 முதல் தங்களையே ஒரு கம்பனியாகப் பதிய அனுமதி உண்டு. அதே மருத்துவர், அதே நோயாளி, ஆனால் வருமானம் கம்பனி வீதத்தில். மேலே வரி கூட்டினால் காகிதம்தான் இடம்பெயரும். அதனால் ஐந்தாவது வரியோடு ஓட்டை அடைப்பதையும் சேர்க்காவிட்டால் எங்கள் கோரிக்கை அரைகுறைதான்.

ஆட்கள் இடம்பெயர்வது? அமெரிக்காவில் கிறிஸ்டோபல் யங்கும் தோழர்களும் பத்து லட்சம் டொலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் வரிப் பத்திரங்களை வைத்து 2016 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வருஷத்தில் மாநிலம் மாறுபவர்கள் 2.4 வீதம். பொதுமக்களில் 2.9. மிகக் குறைந்த வருமானக்காரரில் 4.5. பணம் உள்ளவனுக்குக் கடை, வாடிக்கை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் வேர். ஓடுகிறவன் இல்லாதவன். எங்கள் அப்பா அம்மாமாருக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்லத் தேவையில்லை.

முதலீடு பற்றிச் சுருக்கமாக. கூட்டாட்சிக் கம்பனி வரி 2000 இல் 28 வீதம், 2012 இல் 15 வீதம். கிட்டத்தட்டப் பாதி. அந்த 2012 ஓகஸ்டில் மத்திய வங்கி ஆளுநர் வாகனத் தொழிலாளர் சங்க மாநாட்டில், கம்பனிகள் குவித்து வைத்திருக்கிற காசைச் செத்த காசு என்றார். முதலீடு செய்யுங்கள், இல்லாவிட்டால் பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அந்த ஆளுநர் மார்க் கார்னி. அதே கார்னி பிரதமராகி, 2025 மார்ச்சில், மூலதன ஆதாய வரியைக் கூட்டும் திட்டத்தை ரத்துச் செய்தார். அரசின் சொந்தக் கணக்கின்படி தனிநபர்களில் 0.13 வீதத்தினரைத் தொட இருந்த திட்டம். காரணம்? முதலீட்டுக்கு ஊக்கம். வாழ்க.

இனி அம்மா.

அம்மா ஷபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தா. ஒரு வருஷம் பெரிய ஓடர் வந்து, எட்டுச் சனிக்கிழமை மேலதிக வேலை என்றார்கள். அம்மா கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டா. நாங்கள் இருந்தது அரசாங்க வீட்டில். வாடகை குடும்ப வருமானத்தில் 25 வீதம், வருமானம் கூடினால் அடுத்த வருஷம் வாடகையும் கூடும். பிள்ளைக் காசு குறையும். வரிக் கழிவுகள் குறையும். அதற்கு மேல் வழமையான வரி, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்புறுதி. எல்லாம் போக ஒரு டொலரில் அம்மாவின் கையில் நிற்கிறது நாற்பது சதத்துக்கும் குறைவு. மூன்று சனிக்கிழமை போனா. மிச்சம் ஐந்துக்கும் போகவில்லை. "என்னத்துக்கு முதுகை முறிக்கிறது" என்று தாளைக் கசக்கி எறிந்தா.

உச்சப் பணக்காரருக்கு 53 வீதம் என்றால் தேசியப் பிரச்சினை. அறுபதுக்கு மேல் கொடுத்தவ என்ர அம்மா. அவவின் ஊக்கம் பற்றி எந்தப் பத்திரிகையும் தலையங்கம் எழுதவில்லை. இங்கே சமூக உதவிப் பணம் எடுத்த தனிநபர் பல வருடமாக மாதம் 200 டொலர் வரைதான் உழைக்கலாம் என்றிருந்தது, அதற்கு மேல் உழைத்த ஒவ்வொரு டொலருக்கும் ஒரு டொலர் வெட்டினார்கள். நூற்றுக்கு நூறு வரி! வரி வேலையைக் கெடுக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஓம், கெடுக்கும். அம்மாவின் ஐந்து சனிக்கிழமைகளைக் கெடுத்தது.

ஊரையும் ஒருக்கால் பார்ப்போம், ஏனென்றால் அங்கே பரிசோதனை மறுபக்கமாக நடந்தது. 2019 முடிவில் கோத்தபாய அரசு வற் வரியை 15 இல் இருந்து 8 ஆக்கியது, தனிநபர் உச்ச வரியை 24 இல் இருந்து 18 ஆக்கியது, கம்பனி வரியையும் வெட்டியது. தொழில் பெருகும் என்றார்கள். 2019 இல் மொத்த உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் அடுத்த வருஷம் 8 வீதமளவில் நின்றது. கொரோனாவுக்கும் அதில் பங்குண்டு. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட ஏலாது என்று அறிவித்தது.

பிறகு 2023 ஜனவரியில் உச்ச வீதம் 36. அதைக் காட்டி, பாருங்கோ மருத்துவர்கள் ஓடிவிட்டார்கள் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் என் மச்சாளும் வெளிக்கிட்டவதான், இப்ப இங்கிலாந்தில். கேட்டேன். ரூபாய் விழுந்து சம்பளத்தின் பெறுமதி கிட்டத்தட்டப் பாதியானது முதல் அடி, வரி இரண்டாவது அடி என்றா. அந்த 36 வீதம் தொடங்கியது எங்கள் காசில் மாதம் ஆயிரத்துச் சொச்சம் டொலர் சம்பளத்துக்கு மேலே. கடன் வாங்கிக் கவிழ்த்தவர்களை விட்டுவிட்டு ஆசுப்பத்திரிச் சம்பளத்தில் பிடிக்கிற வரியைப் பணக்காரர் வரி என்று நாங்கள் சொல்லக்கூடாது. வரம்பு எங்கே போடுகிறோம் என்பது வீதத்தைவிட முக்கியம்.

ஆகவே என் முன்மொழிவு இது. ஐந்தாவது வரியை எடுக்கவேண்டாம். 250,000 என்ற வரம்பைத் தடித்த எழுத்தில் போடுவோம். அதற்குக் கீழே தனிக் கம்பனி ஓட்டையை அடைக்கச் சொல்லி ஒரு வரி. ஆறாவதாக, குறைந்த வருமானக்காரரின் மேலதிக உழைப்பில் வாடகையும் கொடுப்பனவு வெட்டும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது என்று இன்னொரு வரி. ஏழாவதாகக் கடை வாடகைக் கட்டுப்பாடு. வீட்டு வாடகைக்கு இங்கே ஓரளவாவது பாதுகாப்பு உண்டு, கடைக்கு இல்லை.

மாமாவிடம் ஏழாவதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். ஐந்தாவதில் இன்னும் அவருக்குச் சம்மதம் இல்லை. ஆனால் துண்டுப்பிரசுரத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பதினொரு மணிக்கு அங்கே இருந்துதான் வெளிக்கிடுகிறோம், சப்பாத்து நல்லதாகப் போட்டுக்கொண்டு வாங்கோ.