சக்கரங்களின் மேல் ஒரு வீடும் அதன் மின்சாரமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் சொற்பொழிவு என்றால் அது சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ இருப்பதே நம் சங்கத்து வழக்கம். அவ்வழக்கினின்றும் விலகி, ஒரு பழைய வேனைப் பற்றியும் அதன் இருக்கையின் கீழ்க் கிடந்த ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றியும் பேச எங்களுக்கு இடமளித்த செயற்குழுவினருக்கு நன்றி. இலக்கியம் எதிர்பார்த்து முன்வரிசையில் அமர்ந்திருப்போர் எங்களைப் பொறுத்தருள்க.

வீடாகவும் வண்டியாகவும் விளங்கும் ஊர்தி இந்த ஐதராபாத்துக்குப் புதியதன்று. 'கர்ண'னில் கண்ணனாக வந்து நம்மையெல்லாம் கவர்ந்த என். டி. ராமராவ் அவர்கள் 1982 மார்ச்சு 29-இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். பின்னர் ஒரு பழைய செவ்ரோலே வண்டியை மாற்றியமைத்து, 'சைதன்ய ரதம்' எனப் பெயரிட்டு, ஆந்திர நாடெங்கும் சுற்றினார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, தந்தை வண்டியின் மேல் நின்று பேசுவார்; உறக்கமும் பெரும்பாலும் அதனுள்ளேதான். 1983 சனவரி 9-இல் அவர் முதலமைச்சராகப் பதவியேற்றார். எங்கள் வேனுக்கு அத்தகைய வரலாறு ஏதுமில்லை. ஸ்ரீசைலத்துக்கும் பத்ராசலத்துக்கும் நான்கு குடும்பங்களைச் சுமந்து சென்றதே அதன் பெருமை.

அது 1960-களில் செய்யப்பட்ட பிரிட்டிஷ் வண்டி. நான்கு குடும்பத்தாரும் சேர்ந்து வாங்கி, உள்ளே படுக்கைப் பலகை, சிறு அடுப்பு, இரண்டு விசிறி, நான்கு விளக்கு என அமைத்துக்கொண்டோம். விளக்குகளும் விசிறிகளும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்குவன. வண்டி காலனியில் நிற்கும்போது வீட்டிலிருந்து கம்பி இழுத்து 230 வோல்ட் மாறுமின்சாரம் கொடுப்போம். அதை 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிப் பேட்டரியை நிரப்பும் பெட்டிக்குத்தான் கன்வர்ட்டர் என்று பெயர். எங்களுடையது பழங்காலத்தது, ஒரு கனத்த டிரான்ஸ்பார்மரும் சில டயோடுகளுமே அதன் உள்ளுறுப்புகள். இரவெல்லாம் வண்டு போல ரீங்காரம் செய்யும். பேட்டரி நிரம்பிய பின்னும் நிறுத்தத் தெரியாமல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மாதந்தோறும் பேட்டரித் தண்ணீர் வற்றுவது அதனால்தான் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

போனாலுத் திருவிழாக் காலம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எங்கள் குடும்பங்களுள் ஒன்றின் எட்டு வயதுப் பெண் குழந்தை வெறுங்காலோடு ஓடிவந்து வேனின் கதவுப் பிடியைத் தொட்டாள். அலறினாள், பின்னால் தூக்கி எறியப்பட்டாள். கை பிடியை விட்டு விலகியது எங்கள் நல்லூழ். இறுகப் பற்றியிருந்தால் இன்று இம்மேடையில் நாங்கள் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். மீட்டரை எடுத்து ஒரு முனையைக் கதவிலும் மறு முனையை ஈர மண்ணிலும் வைத்துப் பார்த்தோம். 200 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

நடந்தது இதுதான். டிரான்ஸ்பார்மர்க் கம்பியின் மேற்பூச்சு முதுமையால் பொரிந்து, கம்பி இரும்பைத் தொட்டிருந்தது. இரும்பு பெட்டியையும், பெட்டி வண்டியின் உடலையும் தொட்டுக்கொண்டிருந்தன. வண்டியோ நான்கு ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கிறது. மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மண்ணில் கால் வைத்துக்கொண்டு வண்டியைத் தொடுபவரே அதற்கு வழியாகிறார்.

உடனே புதிய கன்வர்ட்டர் வாங்கினோம். எடை பழையதில் கால் பங்கும் இல்லை. முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றி, பேட்டரி நிரம்பியதும் 13.5 அளவுக்குத் தானே இறங்கிக்கொள்ளும் வகை. பூட்டினோம், கதவைத் தொட்டோம், ஒன்றுமில்லை. தீர்ந்தது என்று மகிழ்ந்தோம்.

மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். செய்தி கேட்டு வந்தவர் வேனைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து வரும் கம்பியைத்தான் பார்த்தார். "தம்பி, இதில் இரண்டு இழைதானே இருக்கிறது? மூன்றாவது எங்கே?" என்றார்.

"அந்தப் பழைய பெட்டியை எடுத்துவிட்டோமே, ஐயா" என்றோம்.

"பழுதை எடுத்தீர்கள். பழுது வந்தால் காக்கும் வழியை எங்கே வைத்தீர்கள்? புதிய பெட்டியும் ஒருநாள் பழையதாகுமே" என்றார்.

எங்களுக்குத் தலை குனிந்தது. ஒருவர், வேனருகே இரும்புக் கோல் ஒன்றை மண்ணில் அடித்துக் கம்பியால் கட்டிவிடலாம் என்றார். பெரியவர் கணக்குப் போடச் சொன்னார். நல்ல மண்ணில் அக்கோலின் தடை 25 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 230-ஐ 25-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல்தான் ஓடும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகுமா? உருகாது. உடல் மின்னேற்றத்தோடே நிற்கும். நம் ஊர் நிலமோ 250 கோடி ஆண்டு வயதுடைய கருங்கல். பஞ்சாரா குன்றுகளில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் தடை இன்னும் பன்மடங்காகும். வீட்டு எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொன்ன முன்னோர் காரணமின்றிச் சொல்லவில்லை. இக்கூட்டத்தில் எத்தனை பேர் இவ்வாண்டு ஊற்றினீர்கள் என்று கேட்க மாட்டோம்.

மெக்கானிக் ஒருவர் வேறு வழி சொன்னார்: வேனுக்குள்ளேயே நியூட்ரலை உடலோடு முடிந்துவிட்டால் எர்த் ஆகிவிடுமாம். பல கடைகளில் இப்படிச் செய்கிறார்கள். பிளக்கைத் திருப்பிச் செருகினாலோ, நியூட்ரல் கம்பி நடுவில் அறுந்தாலோ, வேனின் உடல் முழுவதும் உயிர்க்கம்பி ஆகிவிடும். இதை மட்டும் எவர் சொன்னாலும் கேளாதீர்கள் என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சரியான வழி எளியது, சோம்பலுக்குத்தான் கடினம். வீட்டின் எர்த் முனையிலிருந்து வேன் வரை அறுபடாத மூன்றாவது கம்பி வேண்டும். கன்வர்ட்டர்ப் பெட்டியின் எர்த் திருகிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்குத் தடித்த செப்புக் கம்பி வேண்டும். நாங்கள் 10 சதுர மில்லிமீட்டர் போட்டோம். சட்டத்தின் பெயின்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல்வாஷர் இட்டு முடுக்கவேண்டும். பெயின்டின் மேல் முடுக்கிய கம்பி வெறும் அலங்காரமே. இவற்றோடு வீட்டுப் பலகையில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தினோம். போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, அந்தச் சிறு அளவு குறைந்தாலும் கண்ணிமைப்பில் வெட்டிவிடும் கருவி அது. பியூஸ் கம்பியைக் காக்கும்; இது மனிதரைக் காக்கும்.

பழைய வண்டி வைத்திருப்போர்க்கு இன்னொன்று சொல்லவேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. எங்களுடையதும் அவ்வாறே. பழக்கத்தால் புதிய கன்வர்ட்டரின் எதிர்முனையை உடலில் முடிய இருந்தோம். அப்படி முடிந்து, வண்டிப் பேட்டரியையும் வீட்டுப் பேட்டரியையும் என்றேனும் இணைத்திருந்தால், ஓம்ப்பொடி போலக் கம்பி சிவந்து எரிந்திருக்கும். நேர், எதிர் இரண்டும் பெட்டியின் உடலோடு ஒட்டாதவைதானா என்று மீட்டரால் பார்த்துக்கொண்டு, வீட்டுப் பகுதியின் இரண்டு கம்பிகளையும் வண்டி உடலில் படாமலே ஓட்டினோம்.

வேலை முடிந்த மாலை அக்குழந்தையையே அழைத்தோம். வேன் பக்கம் வரமாட்டேன் என்று தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டாள். கதவைத் தொடச் சொல்லவில்லை. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொன்னோம். 'டக்' என்று வெட்டியது. வேனின் விசிறி மட்டும் பேட்டரியில் சுழன்றுகொண்டிருந்தது. மீண்டும் அழுத்தவேண்டும் என்றாள். மாதம் ஒருமுறை அப்பொத்தானை அழுத்திப் பார்க்கும் பொறுப்பு இப்போது அவளுடையதே. மறந்தால் எங்களைத்தான் திட்டுகிறாள்.