தொண்டுக்குப் போனவருக்கு லீவு எதற்கு?

(ஐம்பதாம் ஆண்டு விழாவையொட்டி நடந்த குடும்ப ஒன்றுகூடலில் இளைஞர் பகுதி சார்பில் ஆற்றிய உரை)



மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, சங்கத்தை இந்த ஐம்பது ஆண்டும் தோளில் சுமந்து வந்த மூத்தவர்களே, தாய்மார்களே, கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பந்திங் வந்திருக்கும் சகோதரர்களே,

எங்களுக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். கல்வி நிதிக் கணக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பின் விவரமும் மலரில் வேறு இடத்தில் வருகின்றன. அவற்றை விட்டுவிட்டு ஒரே ஒரு விஷயத்தைப் பேசுகிறோம். சில வாரங்களாக நம் கடைகளிலும், ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும் இடத்திலும் அடிபடுகிற பேச்சுதான் அது.

நம் சங்கத்துப் பிள்ளை ஒருவர் கம்போடியாவில் ஓராண்டு சம்பளமில்லாமல் பாடம் நடத்தப் போயிருக்கிறார். மேகோங் ஆற்றங்கரையில், திபோங் குமும் மாநிலத்தில், சாம் முஸ்லிம்கள் வாழும் ஒரு கிராமம். சாப்பாட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் நாம் பணம் அனுப்புகிறோம். எட்டாவது மாதம் அந்தத் தம்பி பன்னிரண்டு நாள் லீவு எடுத்தார். பந்திங் வரவில்லை. தெற்கே கம்போட் என்கிற ஊருக்குப் போனார். ஆற்றோரம் உட்கார்ந்து இளநீர் குடிக்கிற படம் ஒன்று யார் மூலமாகவோ நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அன்றிரவே கேள்வியும் வந்தது: "நம் சந்தாக் காசில் உல்லாசப் பயணமா? தொண்டுக்குப் போனவருக்கு லீவு எதற்கு?"

கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. காசு கொடுத்தவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. அதனால் ஒளிக்காமல் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் அவர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். 1975 முதல் 1979 வரை போல் போட் ஆட்சியில் சாம் மக்கள் பட்டது கொஞ்சமல்ல. பள்ளிவாசல்களை இடித்தார்கள், ஆலிம்களைக் கொன்றார்கள், தொழத் தடை, சொந்த மொழி பேசத் தடை. ஒரு தலைமுறை ஆசிரியர்களே இல்லாமல் போனார்கள். அங்கே இன்றைக்கும் ஒரு வாத்தியார் வந்தால் ஊரே எதிர்பார்ப்போடு பார்ப்பதற்குக் காரணம் அதுதான். ஆசிரியரை அவர்கள் 'லோக் குரு' என்று அழைக்கிறார்கள். நம் 'குரு' என்ற சொல்லேதான். நம் தம்பிக்கு இருபத்து நான்கு வயது. விடியற்காலை பள்ளிவாசலில் லோக் குரு. பகலில் கணக்குப் பாடம், லோக் குரு. மாலையில் மலாய், ஆங்கிலம், லோக் குரு. இரவு சாப்பிட உட்கார்ந்தால் யாராவது பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தோடு படியில் நிற்பார்கள். தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. கதவைச் சாத்தினால் உடம்பு சரியில்லையோ என்று கஞ்சி கொண்டு வந்துவிடுவார்கள். அன்புதான். ஆனால் எட்டு மாதம் ஒரு நாளும் அவர் வெறும் மனிதராக இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல கேள்வி எழும். அந்தக் கிராமத்தார் மட்டும் எங்கே லீவு போகிறார்கள்? உண்மைதான், அவர்கள் போவதில்லை. ஆனால் அது அவர்கள் ஊர். மாமன் மச்சான் இருக்கிறார்கள், சண்டை போட்டுவிட்டுப் போய் உட்கார ஒரு அண்ணன் வீடு இருக்கிறது. வந்து தங்கியிருப்பவருக்கு முகத்தைச் சுளிக்கக்கூட இடமில்லை. கம்போட்டில் என்ன செய்தாய் என்று கேட்டோம். "முதல் மூணு நாள் தூங்கினேன் அண்ணே. நாலாவது நாள் சாலையில நடந்தேன், ஒருத்தரும் லோக் குருன்னு கூப்பிடல" என்றார். இதைத்தான் அவர் தேடிப் போனார். போக்குவரத்தும் தங்கும் செலவும் அவர் சொந்தச் சேமிப்பு. சந்தாக் காசில் ஒரு வெள்ளிகூட இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறோம். கம்போட் மிளகுக்குப் பேர் போன ஊர். 2010-இல் அந்த மிளகுக்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். வியாபாரி வீட்டுப் பிள்ளை என்பதால் தூக்கத்திலிருந்து எழுந்ததும் மிளகுத் தோட்டத்தைப் போய்ப் பார்த்து, விலை கேட்டு, எங்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். விலை நமக்குக் கட்டுப்படியாகாது. அது வேறு கதை.

பெரியவர்களே, லீவு என்பது வெள்ளைக்காரன் பழக்கம் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் அதை ஏற்கவில்லை. சபுராளிகளின் பேரப்பிள்ளைகள் நாம். ரஜூலாவில் ஏறி வந்தவர்கள் நம் பாட்டனார்கள். சென்னையில், நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கில் சிலர் இறங்க, மற்றவர்கள் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில் இறங்கினார்கள். பிறகு சிதம்பரம் கப்பல் வந்தது. 1985-இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது. அந்த மனிதர்கள் கடையிலேயே படுத்து, கடையிலேயே எழுந்து, இரண்டு வருடம் மூன்று வருடம் உழைத்தார்கள். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? ஊருக்குப் போனார்கள். மாதக் கணக்கில் தங்கினார்கள். பெட்டியில் கோடாலித் தைலமும் கைலியும் கட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பும்போது, தியாகத்துக்கு வந்தவனுக்கு லீவு எதற்கு என்று எந்த முதலாளியும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? அவர்கள் தாராள மனம் படைத்தவர்கள் என்பதாலா? அப்படிச் சொல்ல மாட்டோம். நம் முதலாளிமார்களை நமக்குத் தெரியும். கடையே அந்தக் கணக்கில்தான் ஓடியது. பங்காளி ஒருவர் ஊரிலிருந்து திரும்பி வருவார், சரக்கை எண்ணி, கடன் புத்தகத்தைப் பார்த்து, சாவியை வாங்கிக்கொள்வார். அடுத்தவர் கப்பல் ஏறுவார். ஒருவர் போகும்போதே இன்னொருவர் வரும் மாதம் முடிவாகியிருக்கும். போகிறவர் இல்லாமல் கடை ஒரு நாள் மூடிக் கிடந்ததில்லை.

எங்களில் சிலர் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் கடைக்குத் திரும்பியவர்கள். இயந்திரப் பராமரிப்பு வகுப்பில் கற்றுக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: இயந்திரத்தை நிறுத்தி எண்ணெய் போடும் நேரத்தையும் உற்பத்தி அட்டவணையிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் அது நிற்கத்தான் போகிறது, நாம் எதிர்பார்க்காத நாளில்.

நம் நாட்டுக்கே வெளிநாட்டுத் தொண்டாசிரியர்கள் வந்திருக்கிறார்கள். இளையவர்களுக்கு இது தெரிந்திருக்காது. 1958-இல் அலெக் டிக்சன் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய தன்னார்வச் சேவை அமைப்பு, பள்ளிப் படிப்பு முடித்த பையன்களை முதல் ஆண்டிலேயே சரவாக்கிற்கு அனுப்பியது. பிறகு அமெரிக்காவின் பீஸ் கோர். கென்னடி 1961 மார்ச்சில் அதைத் தொடங்கினார், 1962 ஜனவரியில் முதல் குழு மலாயாவில் இறங்கிவிட்டது. 1983 வரை 4,000-க்கும் அதிகமானோர் வந்து பணியாற்றினார்கள். 1964-இல் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிகளில் வந்து குவிந்தார்கள். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர்கள் போதவில்லை. இந்த அமெரிக்க இளைஞர்கள் கரும்பலகை முன்னால் நின்றார்கள். சரவாக்கில் ஆற்றோரப் பள்ளிகளுக்கும் போனார்கள். ராஜாங் ஆற்றில் காப்பிட்டைத் தாண்டிப் போனால் அந்தக் காலத்தில் சாலையே கிடையாது, படகுதான். ஆற்றில் தண்ணீர் வற்றினால் அதுவும் சந்தேகம்.

அந்த அமைப்பில் பணிக்காலம் இரண்டு ஆண்டு. இன்றைக்கு அவர்களுடைய விதி, ஒரு மாதச் சேவைக்கு இரண்டு நாள் லீவு. ஆண்டுக்கு 24 நாள். இதைக் கருணையாக யாரும் தருவதில்லை, போகும்போதே எழுத்தில் இருக்கிறது. நம் தம்பிக்கு அந்த விதியைப் போட்டுப் பார்த்தோம். எட்டு மாதத்துக்குப் பதினாறு நாள். அவர் எடுத்தது பன்னிரண்டு. கணக்குப்படி நாம்தான் அவருக்கு நான்கு நாள் கடன்.

இன்னும் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். பீட்டர் ஹெஸ்லர் என்ற அமெரிக்கர். 1996-இல் பீஸ் கோர் அவரைச் சீனாவில் யாங்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஃபூலிங் ஊருக்கு அனுப்பியது. அப்போது அங்கே ரயில் கிடையாது, படகில் போக வேண்டும். ஊரில் வெளிநாட்டவர் என்று பார்த்தால் அவரும் கூட வந்த இன்னொரு ஆசிரியரும்தான். தெருவில் இறங்கினால் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும். கோடை விடுமுறையில் அவர் சியான் நகருக்குப் போய்ச் சீனமொழி படித்தார். பிறகு ரயிலேறி மேற்குக் கோடியில் சின்ஜியாங் வரை, நம் உய்குர் சகோதரர்கள் வாழும் பக்கம் வரை சுற்றினார். அது உல்லாசமா, படிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியுமா? திரும்பிப் போய் இரண்டாம் ஆண்டையும் முடித்தார். பிறகு அந்த ஊரைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை உலகமே படித்தது.

நம் அரசாங்கத்தையே பாருங்கள். தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக் போய் வேலை செய்யும் ஆசிரியர்களுக்குச் சொந்த ஊர் வந்து திரும்பப் பயணச் செலவு தருகிற ஏற்பாடு இருக்கிறது. மார்க்கத்திலும் பயணிக்குத் தொழுகையைச் சுருக்கச் சலுகை உண்டு, நோன்பைத் தள்ளி வைக்கச் சலுகை உண்டு. அந்தச் சலுகையைப் பயன்படுத்துகிறவரை ஈமான் குறைந்தவர் என்று எந்த ஆலிமும் சொன்னதில்லை.

அம்மாவைப் பார்க்க வந்திருக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. தாயாருக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் எங்களிடம் சொன்னதைக் கேளுங்கள்: "வந்திருந்தா நான்தான் திரும்ப அனுப்பியிருக்க மாட்டேன்." பெற்ற தாய்க்குத் தன் மனது தெரிந்திருக்கிறது. தம்பிக்கும் அது தெரிந்திருக்கிறது. ஏழாவது மாதம் அவர் எங்களுக்கு எழுதியதை இன்று சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். "இனி முடியாது, டிக்கெட் போடுங்கள்" என்று எழுதியிருந்தார். அந்த நிலையில் வீட்டுக்கு வந்தால் திரும்பியிருக்க மாட்டார். கம்போட் போனார், சொன்ன தேதியில் கிராமத்துக்குத் திரும்பினார், மறுநாள் காலை வகுப்பு எடுத்தார். ஆண்டு முடியும் வரை இருப்பதாக இப்போது சொல்கிறார்.

ஒரு குறை மட்டும் நியாயமான குறை. அந்தப் பன்னிரண்டு நாளும் மாலை வகுப்பு நின்றுபோனது. நாற்பது பிள்ளைகள். பாட்டனார் கடையில் சாவியை வாங்கிக்கொள்ள ஒரு பங்காளி வந்து நின்றாரே, அந்த ஆள் அங்கே இல்லை. தம்பியைத் திட்டுவதில் செலவாகும் நேரத்தை அந்த ஆளைத் தேடுவதில் செலவழிக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

அடுத்த ஆண்டு இருவரை அனுப்பச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்கப் போகும் கடிதத்தை இளைஞர் பகுதி எழுதி வைத்திருக்கிறது. மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. லீவுக்குத் தனியாகச் சிறு தொகை, சாப்பாட்டுக் காசோடு கலக்காமல். எங்கே போக வேண்டும் என்பது அவர்கள் விருப்பம், வீட்டுக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம். லீவு நாளில் அறிக்கை அனுப்பு, படம் அனுப்பு என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி வரியைப் போட வேண்டுமா என்று செயற்குழுவில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. போட்டுவிட்டோம். இந்த விதி இப்போது இருக்கிற தம்பிக்கும் பொருந்தும்.

அப்படியானால் அடுத்த மாதம் அவருக்கு எட்டு நாள் லீவு சேர்ந்திருக்கும். அந்த எட்டு நாளுக்கு மாலை வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. மலாய் எழுதப் படிக்கத் தெரிந்து, பிள்ளைகளிடம் கோபப்படாதவராக இருந்தால் போதும். கோலாலம்பூரிலிருந்து நோம்பென் இரண்டு மணி நேர விமானம், பிறகு வேன். கொசுவலை அங்கேயே இருக்கிறது. இரண்டு கைலி எடுத்துக்கொண்டால் போதும், ஆற்றுக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். கடையை விட்டுவிட்டு வர முடியாது என்பவர்களுக்கு ஒரு செய்தி: எங்களில் மூன்று பேர் அந்த எட்டு நாளும் மாறி மாறி உங்கள் கல்லாவில் உட்காரத் தயார். தேநீர் மேசையில் பெயர் எழுத நோட்டு வைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.