திருச்சி கிளார்க்கும் நம் டென்ட் கொட்டகையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

ஓய்வு பெற்ற வங்கி கிளார்க்குக்கு சினிமாவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. தென்னாட்டில் ஊர் ஊராகப் படம் காட்டியவர்களில் முன்னோடியும் ஒரு கிளார்க்தான்.

அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர். திருச்சி ரயில்வேயில் வேலை, மாதம் 25 ரூபாய் சம்பளம். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போக, ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஏழு வருடச் சம்பளம்! வயது இருபதைத் தாண்டிய ஒரு பையன் இந்தக் கடனுக்கு என் கவுண்டருக்கு வந்திருந்தால், மேனேஜர் அறை வரைகூட அனுப்பியிருக்க மாட்டேன். வின்சென்ட் எப்படியோ பணம் புரட்டினார், வாங்கினார், வேலையையும் விட்டார்.

கையில் இருந்தது இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பற்றிய படமும் சில துண்டுப் படங்களும். கூடாரம் அடித்துக் காட்டினார். ரயில் போகிற ஊரெல்லாம் போனார். வடக்கே லாகூர், பெஷாவர் வரை, கடல் தாண்டி மலாயா, பர்மா வரை. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தியேட்டரின் பெயரே தெருவின் பெயராகிவிட்டது. பிற்பாடு டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியதும் அதுதான்.

ஆக, நமக்கு சினிமா முதலில் கட்டடமாக வரவில்லை, கூடாரமாக வந்தது. என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்வோம். முன்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் குவித்தால் சண்டை. ஒரே ப்ரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, முறுக்கு விற்பவருக்குக் கொண்டாட்டம். அந்த மணலில் உட்கார்ந்தபோது இதெல்லாம் ஒரு திருச்சி கிளார்க் நடந்த பாதை என்று எனக்குத் தெரியாது.

வின்சென்ட் காட்டியவர். எடுத்தவர் நடராஜ முதலியார். வேலூரில் பிறந்து, சென்னையில் மோட்டார் உதிரி பாகம் விற்றவர். பூனாவுக்குப் போய் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, 1917-18 வாக்கில் 'கீசக வதம்' என்ற மௌனப்படம் எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப்படம் அது. 1931 அக்டோபர் 31இல் டி. பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' வந்தது, தமிழ் பேசிய முதல் படம்.

இரண்டில் எதையும் இன்று நீங்கள் பார்க்க முடியாது. ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. அந்தக் கால ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும். ஓடி முடிந்த படச்சுருளை உருக்கி வெள்ளி எடுத்தவர்களும் உண்டு. சீனாவிலும் இதே கதை. வின்சென்ட் ப்ரொஜெக்டர் வாங்கிய அதே 1905இல் பீக்கிங்கில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர், தான் சின்பெய் என்ற புகழ்பெற்ற நாடகக் கலைஞரை நடிக்கவைத்து 'திங்ஜுன் மலை' எடுத்தார். சீனர்களின் முதல் படம் என்று சொல்லப்படும் அதுவும் இன்று இல்லை. வங்கியில் நாங்கள் பழைய வவுச்சரைக்கூட இத்தனை வருடம் என்று கணக்கு வைத்துத்தான் அழிப்போம். இதற்கு அந்தக் கணக்கும் இல்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கருங்குழி, மதுராந்தகம் பக்கத்து டென்ட் கொட்டகை டிக்கெட், நோட்டீஸ், போட்டோ எதுவானாலும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்து வையுங்கள். நானே வந்து மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறேன். என் அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ஒரு பாட்டுப் புத்தகத்தை, வீடு மாறும்போது எடைக்குப் போட்டவன் நான்.