இரண்டு சொட்டு போதும்

ஊட்டிக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பையில் ஒரு புட்டி நீலகிரித் தைலம் இருக்கும். சளி என்றதும் அதை அப்படியே மார்பில் தேய்த்துவிடுகிறோம். எரிந்தால், "நல்லா வேலை செய்யுது" என்று சமாதானம் வேறு! அது தோல் போடும் கூச்சல் ஐயா.

ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு 2 சொட்டுத் தைலம், அவ்வளவுதான். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு ஆகாது. எரிச்சலுக்கு வெறும் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. தைலம் தண்ணீரில் கரையாது. தேங்காய் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கைக்குழந்தையின் மூக்கருகே இதைக் கொண்டுபோகவே வேண்டாம், மூச்சுத் திணறலாம். புட்டியையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வலிப்பே வரக்கூடும்.