அக்கரையில் ஊழியம், இக்கரையில் சாதி

(திருச்சபை இளைஞர்களும் ஆய்வு மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுகத்தை விட்டு ஊழியத்துக்கு வரச் சொல்லும் அழைப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள. தேவாலயத்தில் வளர்ந்த யாருக்கும் இது பழகிய அழைப்பு. மிஷனரி ஞாயிறு வந்தால் வடநாட்டுப் பணித்தளத்தின் படங்களைக் காட்டுவார்கள். காணிக்கைப் பை வரும். இரண்டொரு இளைஞர்கள் எழுந்து நின்று தங்களை ஒப்புக்கொடுப்பார்கள். அந்த இளைஞர்களின் மனதை நான் சந்தேகப்படவில்லை. என் கேள்வி இதுதான்: தமிழ்நாட்டுத் திருச்சபைக்குச் சுகம் என்பது எது? காரா, பங்களாவா, கைநிறையச் சம்பளமா? இதையெல்லாம் துறந்தவர்கள் இந்தச் சபையில் உண்டு. ஆனால் சாதியைத் துறக்கச் சொன்னபோது, பலர் சபையையே துறந்துவிட்டுப் போனார்கள்.

மிகையாகச் சொல்லவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். கோயிலில் சேர்ந்து உட்கார வேண்டும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். ஆக, அதற்குள் நூறாண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் வேதம் வாசிக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஜெபம் செய்த குடும்பங்களால் ஒரு கிண்ணத்தைப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

கத்தோலிக்கத் தரப்பிலும் கதை இதேதான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கைகள். ஒரு கையில் வெள்ளாளர், மறு கையில் நாடார் முதலானவர்கள். நடுவே தடுப்பு. பீடத்தில் நிற்கும் குருவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். பின்னர் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தபோது, வெள்ளாளத் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. சிலுவைக்கு முன்னால் தனியாக உட்காரும் உரிமைக்காக ஒரு வழக்கு!

அது பழைய காலம் என்பீர்கள். 2008இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், பாகுபாட்டைச் சகிக்க முடியாத தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள்தான்.

இங்கே ‘ஊழியம்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஊழியம் என்றால், ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. அதிலிருந்து தங்கள் சபை மக்களுக்கு விலக்குக் கேட்டு அங்கிருந்த மிஷனரிகள் மனுப் போட்டார்கள். அதாவது, நம் முன்னோர்கள் ஊழியத்திலிருந்து விடுதலை தேடித்தான் சபைக்கு வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சுகத்தை விடு, ஊழியத்துக்கு வா என்று பிரசங்கிக்கும்போது, அந்தப் பிள்ளை எந்தச் சுகத்தை விடுவது? சேரித் தெருவின் ஒழுகும் கூரையையா? இந்த அழைப்பு எல்லோருக்கும் பொதுவான அழைப்பாக இருக்க முடியாது. விடுவதற்கு எதையாவது கையில் வைத்திருப்பவர்களைத்தான் அது கேட்க வேண்டும்.

அடுத்தது, ஊழியத்தின் பாதையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி. மிஷனரி சுகத்தைத் துறந்து வந்தார், பாவப்பட்ட மக்களைத் தூக்கிவிட்டார் என்றுதான் நமக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். செங்கல்பட்டு வரலாறு வேறு மாதிரி பேசுகிறது. 1890களில் அங்கே படியாட்களாகக் கட்டுண்டு கிடந்த பறையர் மக்கள்தான் மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். குடியிருந்த குடிசை மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் அன்றைக்கே வீடில்லை. வந்தவர்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, சோற்றுக்கும் மனைக்கும் வருகிறார்களா என்று மிஷனரிகள் தயங்கினார்கள். ரூபா விஸ்வநாத் தன் ஆய்வில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த மக்கள் விடவில்லை. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளை நிலப் பிரச்சினைக்குள் இழுத்தார்கள். கலெக்டர் டிரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையும், 1892இல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணையும் வந்த பின்னணி இது. மனை, நிலம், கூலி என்று சேரி மக்கள் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழ்ப்படிந்தபோதுதான் மிஷன் மிராசுதாரின் பகையைச் சம்பாதித்தது. மிஷனரி தன் சுகத்தை நிஜமாக இழந்த இடம் அதுதான்.

மிஷன் செய்த நன்மையை நான் மறைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட ஆள் மிஷன் பள்ளியில் படித்தவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் நன்றி இருக்கிறது என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் இருக்க முடியாது. பாபாசாகேப் அம்பேத்கர் கேட்டார். மதம் மாறிய தீண்டாதவர்களின் நிலையைப் பற்றி எழுதும்போது, மிஷன்களின் கல்விப் பணியும் மருத்துவப் பணியும் பெரும்பாலும் யாருக்குப் பயன்பட்டன என்று கேட்டார். சாதி இந்துக்களுக்குத்தான் என்பது அவர் கண்ட விடை. சபையின் பெரும்பகுதியாக இருந்த ஏழை மக்கள் சபைக்கு வெளியே நின்ற பணக்காரப் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நம் பெருநகரங்களில் இருக்கும் மிஷன் பள்ளிகளின் கட்டணத்தைப் பாருங்கள். அம்பேத்கரின் கேள்வி பழசாகிவிட்டதா என்று நீங்களே சொல்லுங்கள்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். தோர்ணக்கல்லுக்குப் போய் மாலா, மாதிகா மக்களிடையே வேலை செய்தவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிரம்பிய அவையில், அவர் ஒரு குறையைச் சொன்னார். நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்தவில்லை என்பதே அதன் பொருள். நூறாண்டு கழித்து அதே குறையைத் தலித் கிறிஸ்தவர்கள் தமிழ்ச் சபையைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒடிசாவின் ஆதிவாசிக்காக அழுது ஜெபிக்கிறாய். எங்கள் வீட்டில் பெண் எடுப்பாயா? எங்கள் தெருவில் வந்து சாப்பிடுவாயா?

அரசின் அநீதியையும் சொல்லியாக வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லியும் நடக்கவில்லை. இதற்கான போராட்டத்தில் நாம் எல்லோரும் நிற்க வேண்டும். ஆனால் டெல்லியில் போய் எங்களுக்குள் சாதி இருக்கிறது என்று மனுக் கொடுக்கும் சபைத் தலைவர்கள், ஊருக்குத் திரும்பியதும் கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று பேசி வாயை அடைக்கிறார்கள். டெல்லியில் சொன்ன உண்மையை மறைமாவட்டத்திலும் சொல்லட்டும்.

ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறேன். முதலாவது, கல்லறைத் தோட்டம். செத்த பிறகும் சுவர் வைத்துப் பிரிக்கும் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் சபையில் இருந்தால் அதை இடிக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். இரண்டாவது, கணக்கு. சபையின் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் எத்தனை தலித்துகள் படிக்கிறார்கள், எத்தனை பேர் நிரந்தர வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் துப்புரவுப் பணியில் மட்டும் இருக்கிறார்கள் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் திருமணம். சபைப் பத்திரிகையில் சாதி குறிப்பிட்டு வரும் மணமகள் தேவை விளம்பரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் பேச்சு வரும்போது, இந்தச் சாதிக்குள் மட்டும் கட்ட மாட்டேன் என்று அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். ஒடிசாவுக்கு ரயில் ஏறுவதைவிட அது கடினம் என்று எனக்குத் தெரியும். சொத்து போகும், உறவு போகும், சில ஊர்களில் உயிருக்கே ஆபத்து வரும். துறவு என்று நீங்கள் பாடுகிறீர்களே, அதன் விலை இதுதான்.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாம் பறட்டை என்று அன்போடு அழைக்கும் அவர், திருவிருந்தை ‘ஒரே உலை’ என்று விளக்கினார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேக வேண்டும், எல்லோரும் அதிலிருந்து உண்ண வேண்டும். வெளியூர் ஊழியத்துக்குப் போகிறவர்கள் போகட்டும். போவதற்கு முன்னால் சொந்த ஊரின் சேரியில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டாரைத் தங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவிட்டுப் போகட்டும். வடநாட்டுக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தை உங்கள் போதகர் நீட்டும்போது, நம் கல்லறைச் சுவரை இடிக்கப் பெயர் கொடுக்கும் படிவம் எங்கே என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.